ஜாஸ்மியின் இடக்கை

குலசேகரம்,
ஜூன் இரண்டாவது ஞாயிறு, மத்தியானம்.

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும். நான் சுகம். ஜாஸ்மியின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பயப்படாதீர்கள், காய்ச்சல் எதுவும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். ஆனால் ஸ்பூனால் சாப்பிடுகிறாள், அதுவும் இடது கையால். அது ஏன் என்று சொல்லத்தான் சபையிலிருந்து வந்ததும் சேலைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்தேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை நான் விஷயத்தை ஆரம்பித்ததும் ‘ரேஞ்ச் இல்லை’ என்று வைத்துவிட்டீர்கள். அதற்கு முன்னால் ‘ரெண்டு அடிதானே’ என்று நீங்கள் சொன்னது மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற அளவுக்குத் தெளிவாகக் கேட்டது. மஸ்கட்டில் ரேஞ்ச் கிடைக்காத ஒரே இடம் என் வாய்தான் போலிருக்கிறது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஷாஜன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை புறப்படுகிறான். உங்கள் கேம்ப்பில் அடுத்த கட்டில்காரன்தானே, அவனிடம் முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் மீன் ஊறுகாயும் கொடுத்து விடுகிறேன். கடிதம் மேலே இருக்கும், சிப்ஸ் அடியில் இருக்கும். இதைப் படித்துவிட்டுச் சிப்ஸைப் பிரியுங்கள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. ரப்பர் வெட்டு பாதி நாள் இல்லை. தெற்குப் பக்கத்துச் சுவரில் ஈரம் ஏறுகிறது, கூரை ஓடுகளை நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதக் கடைசியில் நம் சபைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தது உங்களுக்குத் தெரியும். உலகத்தில் எங்கேயும் பிள்ளைகளை அடிக்கவோ வதைக்கவோ கூடாது என்று பல நாடுகளில் வேலை செய்கிற ஒரு கூட்டமைப்பிலிருந்து வந்தார்கள். நம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் பிரம்பை விட்டுவிட்டோம் என்று உங்கள் அண்ணன் அவர்களுக்கு இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். பெரியத்தானுடைய இங்கிலீஷ்தான் தெரியுமே, படித்தவர்கள் நம்பிவிட்டார்கள். வெள்ளைக்கார அம்மா வருவாள் என்று கமிட்டிக்காரர்கள் கேக் வாங்கி வைத்தார்கள். வந்தவர் கென்யா நாட்டுக்காரர், பெயர் வாஞ்சிரு. மொழி சொல்ல நாகர்கோவிலிலிருந்து விக்டோரியா என்று ஒரு பெண் கூட வந்தாள். அந்த அம்மா கேக்கைத் தொடவில்லை. மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, எங்கள் ஊரிலும் இது உண்டு என்றார். பிறகு பிள்ளைகளோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்தது.

அன்றைக்கு எடுத்த படத்தைத்தான் குடும்ப குரூப்பில் பார்த்தீர்கள். பிள்ளைகள் எல்லோரும் ‘நிறுத்து’ என்று காட்டுகிற மாதிரி வலது கையைத் தூக்கி நிற்கிறார்கள். நம் மகள் மட்டும் இடது கையைத் தூக்கியிருக்கிறாள். அதற்கு நீங்கள், ‘எனக்க மகளுக்குச் சோத்தாங்கை பீச்சாங்கை தெரியாதா’ என்று போட்டுச் சிரிக்கிற மூஞ்சிகளையும் போட்டீர்கள். உங்கள் வீட்டார் எல்லோரும் வரிசையாகச் சிரித்தார்கள். அப்போது போன் ஜாஸ்மி கையில் இருந்தது. எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் போனை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் பெரியத்தான் நான் வேலை பார்க்கிற பிரிண்டிங் கடைக்கு வந்தார். இந்த மாதம் நாலாவது ஞாயிறு ஐரோப்பாவில் அந்தக் கூட்டமைப்பின் கூட்டம் நடக்கிறதாம். பல நாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவார்களாம், நம் சபையும் பேச வேண்டுமாம். அதற்கு மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வேண்டும் என்றார். ‘அடியில்லாத சபை, அன்புள்ள சபை’ என்று மேலே எழுத்து, கீழே அந்தப் படம். முதலாளி நாகேந்திரன் அண்ணன் ஆர்டரை என்னிடம் தள்ளிவிட்டார். அப்போது பெரியத்தான், “ஷைஜா, ஜாஸ்மிக்க கைய மட்டும் ஒண்ணு மாத்திப் போடு மக்கா. உலகம் பாக்குத படம், எல்லாம் ஒண்ணுபோல இருக்கட்டு” என்றார்.

எனக்கு அது பெரிய வேலை இல்லை. செத்தவருக்குக் கண்ணைத் திறந்துவைப்பேன், மாப்பிள்ளைக்கு மீசையைத் தடிப்பாக்குவேன், அரசியல்வாதிக்குத் தலையில் முடி நட்டுத் தருவேன். இதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவளுடைய வலது கையை எடுத்து மேலே ஒட்டலாம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். வலது கை பாவாடை மடிப்புக்குள் பாதி ஒளிந்திருந்தது. விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. உள்ளங்கைக்குக் குறுக்கே கோடு கோடாக இருந்தது. நிழல் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டினேன். எவ்வளவு கூட்டியும் நிழல் போகவில்லை.

சைக்கிள் செயினில் கை மாட்டியது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து அவள் கையை விரித்துப் பார்த்தேன், அத்தான். தழும்பு பச்சையாக இருந்தது. நான் ஏசவில்லை, மெதுவாகத்தான் கேட்டேன். அவள் முதலில் கேட்டது, “பெரியப்பாவ ஏசுவியா?” என்றுதான்.

நடந்தது இது. விருந்தாளிகள் முன்னால் சொல்லப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் நாலு வரி உறுதிமொழி ஒன்றைப் பெரியத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மே மாதம் முழுக்க அவருடைய வீட்டு டியூஷனில் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஜாஸ்மிக்கு மூன்றாவது வரி மறந்துபோனது. மற்றப் பிள்ளைகளுக்கும் அடி உண்டு, நம் மகளுக்குத்தான் கூடுதல். “எனக்க குடும்பத்துப் பிள்ளை தெரியாம நிண்ணா எனக்குத்தான் மானக்கேடு” என்று சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறார். மறந்துபோன அந்த வரியைத் தமிழில் எழுதுகிறேன், படியுங்கள்: எங்களை நேசிக்கிறவர்கள் எங்களை அடிப்பதில்லை.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அடுக்களையில் போய் அழுதேன்.

ஏன் மக்களே அப்பவே சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதுதான் உங்களுக்கு நான் கடிதம் எழுதக் காரணம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது நீங்கள்தான் அவளை டியூஷனில் சேர்த்தீர்கள். அன்றைக்கு உங்கள் அண்ணனிடம், “கண்ணு ரெண்டையும் விட்டிட்டு மத்தத உரிச்சி எடுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். நம் ஊரில் பிள்ளையை வாத்தியார் கையில் ஒப்படைக்கிற எல்லா அப்பாவும் சொல்கிற வார்த்தைதான் அது. சொல்கிறவருக்கு அது மரியாதை, கேட்கிறவருக்குப் பெருமை. ஆனால் நடுவில் நின்ற பிள்ளைக்கு அது உத்தரவு. அப்பா சொல்லித்தான் பெரியப்பா அடிக்கிறார் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா சொன்னதை அம்மாவிடம் புகார் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பயந்திருக்கிறாள்.

இப்போது நாலாவது ஞாயிறு அந்த உறுதிமொழியை ஜாஸ்மி தனியாக நின்று உலகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம். குரல் நன்றாக இருக்கிறதாம், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாளாம். சொல்லமாட்டாளா பின்னே, கையில் எழுதி வைத்திருக்கிறதே.

அவள் அதைச் சொல்லமாட்டாள், அத்தான். என் மகளை அடித்தது ஒரு தப்பு. அடித்தவருக்காக அவள் வாயாலேயே பொய் சொல்லவைப்பது அதைவிடப் பெரிய தப்பு. இதை நான் நடக்க விடமாட்டேன். நாளைக்கு உங்கள் அண்ணனைப் பார்த்துச் சொல்லப்போகிறேன்.

விக்டோரியா தந்துவிட்டுப் போன சின்னப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளைக் காப்போம் என்று உலக நாடுகள் கையெழுத்துப் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நம் நாடும் போட்டிருக்கிறது. போன வருஷம்கூட கொலம்பியாவில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் ஆட்கள் கூடி வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் சட்டத்திலும் பள்ளிக்கூடத்தில் அடிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது ஸ்வீடன் நாட்டுக் கதை. வீட்டில் அப்பா அம்மாகூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று முதலில் சட்டம் போட்டது அவர்கள்தான். போட்டுவிட்டு அதைப் பால் பெட்டியின் மேல் அச்சடித்து வீடு வீடாக அனுப்பினார்களாம். நம் ஊரில் பால் கவரை யார் படிக்கிறார்கள், மூலையை வெட்டி ஊற்றுவதோடு சரி. ஆனாலும் அந்த யோசனை எனக்குள் கிடக்கிறது.

நான் போலீசுக்குப் போகவில்லை. 1098 என்கிற குழந்தைகள் உதவி நம்பரை மட்டும் போனில் பதிந்து வைத்திருக்கிறேன், அதை அமுக்க வைக்காதீர்கள். பெரியத்தான் ஜாஸ்மியைக் கூப்பிட்டு அடித்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அந்தப் பிரம்பு அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். நீங்கள் அவளிடம், நான் சொன்னது வெறும் பேச்சு மகளே, உன்னை அடிக்க நான் யாருக்கும் உத்தரவு தரவில்லை என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டும் என் பாடு. மூன்றாவதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

ரேஞ்ச் கிடைக்கும்போது கூப்பிடுங்கள். என்னை வேண்டாம், அவளைக் கூப்பிடுங்கள்.

உங்கள்
ஷைஜா


குலசேகரம்,
ஜூன் கடைசித் திங்கள்.

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. கவர் வாங்கப் போய் ஓமானுக்கு ஒரு கடிதம் என்றதும் போஸ்ட் ஆபீசில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் என்ன ஸ்டாம்ப் என்று அவரும் யாரிடமோ போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

உங்கள் பதில் கிடைத்தது. மூச்சு விடாமல் அத்தனை பக்கம் நான் எழுதினேன், வாட்ஸ்அப்பில் ஒரே வரி போட்டீர்கள்: ‘குடும்பத்தைப் பிரிக்காதே.’ அதைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க நான் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் ஷாஜன் அவன் பெண்டாட்டியிடம் சொன்னதாக அவள் வந்து சொன்னாள். கடிதத்தை நீங்கள் திரும்பத் திரும்பப் படித்தீர்களாம், மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தீர்களாம், சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லையாம். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. கோபத்தில் இருக்கிற ஆள் சிப்ஸை நொறுக்கித் தின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

சொன்னபடி பெரியத்தான் வீட்டுக்குப் போனேன். டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பேசலாம் என்றேன். அவர் மறைக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அடித்தேன் என்றார். அடியாத மாடு படியாது என்றார், முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்றார், பிரம்பைப் பற்றிய வசனத்தையும் எடுத்தார். மேய்ப்பன் கையில் இருக்கிற கோலைப் பற்றியும் வசனம் உண்டு, அது ஆட்டை அடிக்க இல்லை, தேற்ற என்று நான் சொன்னேன். சபையில் அடிக்கமாட்டோம் என்று எழுதினீர்களே என்று கேட்டதற்கு, “சபையில நான் அடிக்கல்லியே. இது சபையும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல, எனக்க வீடு” என்றார். படித்த மனுஷன், எழுதினது பொய்யில்லை என்று முழுசாக நம்புகிறார்.

கடைசியில் அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “எனக்க தம்பிக்க மகள நான் அடிக்காம வேற எவன் அடிப்பான்? நான் அடிச்சு வளத்தவன்தான் இண்ணு மஸ்கட்டுல சம்பாதிக்கான்” என்றார். அடிபடாதவர்களும் மஸ்கட்டில்தான் இருக்கிறார்கள் பெரியத்தான், விசா ஆபீசில் தழும்பைக் காட்டச் சொல்வதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கு வெளியே உங்கள் அண்ணி ஜெயபாய் அக்கா என் பின்னாலேயே வந்தார்கள். கையில் ஒரு பிடி பயறு, பறித்துத் தருகிற சாக்கில் வந்தார்கள். இத்தனை வருஷத்தில் தன் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னார்கள். “உனக்க மாப்பிள்ள ஜெனித்துக்க சுண்டுவிரலு பிலாமரத்திலேந்து விழுந்து வளைஞ்சதில்ல, கேட்டியா. நான் கல்யாணம் கழிஞ்சு வந்த வருசம். கணக்குல தோத்தான் எண்ணு இவரு அடிச்சதுதான். பெறவு இவருதான் தோளுல தூக்கிப்போட்டு ஆசுபத்திரிக்கு ஓடினாரு, வழியெல்லாம் அழுதாரு. டாக்டரு கேட்டப்ப மரத்திலேந்து விழுந்தான் எண்ணு சொன்னதும் இவருதான். அதுக்கப்புறம் ரெண்டுபேரும் அதையே நம்பியாச்சு” என்றார்கள்.

நம் கல்யாணம் முடிந்து இத்தனை வருஷம், அந்தச் சுண்டுவிரலை நான் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். பலா மரத்தின் எந்தக் கொம்பு என்றுகூட எனக்கு நீங்கள் காட்டியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை. அப்பா இல்லாத வீட்டைத் தாங்கின அண்ணனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அது எப்படிப்பட்ட பிள்ளை என்று எனக்குத் தெரியும். அதே மாதிரி ஒன்று என் வீட்டில் ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நாலாவது ஞாயிறு நடந்ததை இனி சொல்கிறேன். உங்கள் தங்கை வீட்டார் அவர்கள் பாணியில் சொல்லியிருப்பார்கள், நான் நடந்தபடி சொல்கிறேன்.

ஃபிளெக்ஸை நான்தான் அடித்தேன். எழுத்து சுத்தமாக வந்தது. கையை மாற்றவில்லை. ஆராதனை முடிந்து பக்கத்து ஹாலில் அதைக் கட்டினபோது பெரியத்தான் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்ல நேரமில்லை, திரை ஓடத் தொடங்கிவிட்டது. நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று கட்டம் கட்டமாக ஆட்கள் தெரிந்தார்கள். ஒரு கட்டத்தில் வாஞ்சிரு அம்மா இருந்தார். நம் முறை வந்ததும் பெரியத்தான் நன்றாகவே பேசினார். முடித்துவிட்டு, இப்போது எங்கள் ஓய்வுநாள் பள்ளி மாணவி உறுதிமொழி சொல்வாள் என்று ஜாஸ்மியைக் கூப்பிட்டார். சொல்லமாட்டாள் என்று நான் சொன்ன பிறகும் கூப்பிட்டார். ஊர் முன்னால் மறுக்கமாட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

ஜாஸ்மி எழுந்தாள், என்னைப் பார்த்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு நான் மைக்குக்குப் போனேன். மொழி சொல்ல அன்றைக்கும் வந்திருந்த விக்டோரியாவிடம், நான் தமிழில் சொல்கிறேன், நீ ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றேன். பிறகு சொன்னேன்: “பின்னால் இருக்கிற படத்தில் ஒரு பிள்ளை இடது கையைத் தூக்கியிருக்கிறாள். அவள் என் மகள். அன்றைக்கு அவளால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இந்த உறுதிமொழியில் ஒரு வரியை மறந்ததற்காக வாங்கின அடி அது. அடித்தவர் அவளை வெறுக்கிறவர் இல்லை, நேசிக்கிறவர். அதனால்தான் இது கஷ்டமான வேலை. உங்கள் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடாதீர்கள். அடியை நிறுத்தி முடித்தவர்களோடு எங்களைச் சேர்க்க வேண்டாம், இன்றைக்குத் தொடங்குகிறவர்களோடு சேர்த்து எழுதுங்கள்.” விக்டோரியா எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை.

வாஞ்சிரு அம்மா விக்டோரியா சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு, எங்கள் நாட்டில் அரசியல் சட்டத்திலேயே இதை எழுதி வருஷக்கணக்கில் ஆகிறது, நான் இன்னும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நடந்துகொண்டுதான் இருக்கிறேன் என்றார். எல்லா இடத்திலிருந்தும் முடித்துவிட்டோம் என்றுதான் எனக்கு எழுதுகிறார்கள், தொடங்குகிறோம் என்று சொன்னவர்கள் குறைவு என்றார். இதை நான் மற்ற நாட்டுக் கூட்டங்களில் சொல்லலாமா என்று கேட்டார். என் கை இல்லை, என் மகளிடம் கேளுங்கள் என்றேன்.

ஜாஸ்மி உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னாள். மைக் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. “சொல்லுங்க. பெரியப்பாவுக்க பேரு மட்டும் சொல்லாண்டாம்” என்றாள்.

யார் அடித்தார் என்று நான் சொல்லவில்லை, அத்தான். அவளும் காட்டிக்கொடுக்கவில்லை, காப்பாற்றத்தான் பார்த்தாள். பெரியத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். பைக்கைக்கூட எடுக்கவில்லை, மழையில் நடந்தே போனார்.

சபை இரண்டாகிப் பேசுகிறது. நான் ஊர் மானத்தைக் கப்பலேற்றிவிட்டேன் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். கப்பலேறினது மானம் இல்லை, உண்மை. அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. சிலர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போதகர் பொதுவாக ஒரு ஜெபம் செய்துவிட்டு எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறார். ஆனால் மறுநாள் திங்கள்கிழமை சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளின் அம்மாமார் சிலர் கடைக்கு வந்தார்கள். நோட்டுக்கு ஒட்டுகிற லேபிள் வேண்டுமாம். பால் பெட்டி யோசனை எனக்குள் கிடந்தது என்றேனே, அதை லேபிளில் செய்தேன். பெயர், வகுப்பு, பாடம், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘என்னை அடிக்காமல் சொல்லிக்கொடுங்கள்.’ வாத்தியார் நோட்டைத் திருத்தும்போதெல்லாம் அது கண்ணில் பட்டுத்தானே ஆக வேண்டும். நாகேந்திரன் அண்ணன் பார்த்துவிட்டு, “வம்ப வெலைக்கு வாங்குதியா மக்கா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு ஷீட் எடுத்துக்கொண்டார்.

டியூஷன் ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. இப்போது திறந்துவிட்டது. ஜாஸ்மியை நான் அனுப்பவில்லை, பெரியத்தான் அவளிடம் தப்பு என்று சொல்லாமல் அனுப்பவும் மாட்டேன். பிரம்பு போய்விட்டது. ஜெயபாய் அக்கா அதைப் பயறுக் கொடிக்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டார்கள், நான் நேரில் பார்த்தேன், கொடி நன்றாகத்தான் ஏறுகிறது. பெரியத்தான் அதைப் பார்த்தும் பிடுங்கவில்லையாம். சரியாகச் சாப்பிடவும் இல்லையாம். ஜாஸ்மியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயபாய் அக்கா கேட்டதற்கு, “ஜெனித் சொல்லட்டு. நான் அடிச்சது தப்புண்ணு அவன் எனக்கிட்ட சொல்லட்டு. அவன் சொன்னா நான் பிள்ளைக்கிட்டச் சொல்லுகேன்” என்றாராம்.

ஆக எல்லாம் சுற்றிச் சுற்றி உங்களிடம்தான் வந்து நிற்கிறது. உலக நாட்டுக்காரர்கள் ஒன்றுகூடினார்கள், சட்டம் போட்டார்கள், அச்சடித்தார்கள், அந்த அம்மா கண்டம் தாண்டி வந்தார். நான் என்னால் ஆனதைச் செய்தேன். இனி மிச்சம் இருப்பது ஒரு போன் கால், அதை உங்களுக்காக வேறு யாரும் பேச முடியாது.

நேற்று மத்தியானம் ஜாஸ்மி கையால் சோறு பிசைந்து சாப்பிட்டாள். தழும்பு மங்கிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே, அப்பா எந்த மரத்திலிருந்து விழுந்து விரல் வளைந்தது என்று கேட்டாள். அது நான் சொல்ல வேண்டிய கதை இல்லை. அப்பா கூப்பிடும்போது நீயே கேள் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் கூப்பிடுகிற வெள்ளிக்கிழமைக்காக அவள் காத்திருக்கிறாள்.

வீடியோ காலில் எப்போதும் அந்தக் கையைக் கீழே வைத்துக்கொண்டே பேசுவீர்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வெள்ளிக்கிழமை அப்படிச் செய்யாதீர்கள். முதலில் அவளிடம் சொல்லுங்கள், பிறகு அண்ணனைக் கூப்பிடுங்கள். அவரை ஏச வேண்டாம், வலித்தது அண்ணே என்று மட்டும் சொல்லுங்கள். இத்தனை வருஷம் கழித்துச் சொன்னாலும் அவருக்குப் புரியும், வழியெல்லாம் அழுத மனுஷன்தானே அவர்.

கர்த்தர் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வாராக, அந்த வளைந்த விரலையும் சேர்த்து.

உங்கள் வருகைக்கும் உங்கள் வார்த்தைக்கும் காத்திருக்கிற
ஷைஜா